அறுவை மருத்துவரின் தொழில் அறமும் கடமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா மருத்துவருக்கும் பொதுவான அறநெறி இருக்கும்போது, அறுவை மருத்துவருக்கு மட்டும் தனியாக எதற்கு?

நோயாளியின் நலனை முன்வைப்பது, ரகசியம் காப்பது, பாகுபாடின்றி நடத்துவது ஆகிய பொது நெறிகள் அவருக்கும் உண்டு. ஆனால் அவர் தம் வேலையைச் செய்யும் நேரத்தில் நோயாளி நினைவிழந்து கிடக்கிறார். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர் அதை நிறுத்திவிடலாம், விளக்கம் கேட்கலாம், வேறு மருத்துவரைப் பார்க்கலாம். மயக்க மருந்து ஏறிய பிறகு இந்த வாய்ப்புகள் எதுவும் இல்லை. அறுத்து எடுத்ததைப் பெரும்பாலும் திரும்ப வைக்கவும் இயலாது. உள்ளே நடந்ததற்கு நோயாளி சாட்சியாகவும் இருக்க முடியாது. கண் விழித்த பின் மருத்துவர் சொல்வதுதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே வரலாறு. ஆகவே மயக்கத்துக்கு முன் என்ன சொல்லப்பட்டது, மயக்கத்தின்போது என்ன செய்யப்பட்டது, விழித்த பின் எது தெரிவிக்கப்பட்டது என்ற மூன்று கட்டங்களிலும் இத்தொழிலின் அறம் சோதனைக்கு உள்ளாகிறது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்துவிடுகிறதா?

முடிவதில்லை. கையெழுத்து என்பது ஓர் உரையாடல் நடந்ததற்கான பதிவு மட்டுமே. உரையாடல் நடக்காமல் கையெழுத்து மட்டும் இருந்தால், அந்தத் தாள் மருத்துவமனையின் கோப்பை நிரப்புமே தவிர நோயாளிக்கு எந்தப் பயனும் தராது.

இந்தக் கருத்து உருவாவதற்குச் சில வழக்குகள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பெண் தம் வலது காதில் அறுவை செய்துகொள்ள ஒப்புக்கொண்டார். மயக்கம் கொடுத்த பின் பரிசோதித்த மருத்துவர், இடது காதுதான் மோசமாக இருக்கிறது எனக் கண்டு அதில் அறுவை செய்தார். கெட்ட நோக்கம் எதுவும் அவருக்கு இல்லை. அறுவையும் திறமையாகவே செய்யப்பட்டிருந்தது. ஆயினும் 1905-இல் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதத் தாக்குதல் என்றே கருதியது. 1914-இல் நியூயார்க்கில் வேறொரு வழக்கு. மயக்கத்தில் பரிசோதனை செய்ய மட்டும் சம்மதித்திருந்த பெண்ணின் கட்டி அவரது விருப்பத்துக்கு மாறாக அகற்றப்பட்டிருந்தது. வயதும் தெளிந்த மனமும் உடைய ஒவ்வொருவருக்கும் தம் உடலில் என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என நீதிபதி கார்டோசோ அவ்வழக்கில் எழுதியதை இன்றும் பல நாடுகளில் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பெண் வழக்கில் தோற்றுப்போனார் என்பது பலருக்குத் தெரியாது; அறநிறுவனமாக இயங்கிய மருத்துவமனையைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று.

ஆக, நல்ல நோக்கமோ நல்ல விளைவோ ஒப்புதலுக்கு ஈடாகாது. எந்த உறுப்பில், எந்த அறுவை, எதற்காக, யார் செய்வார், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்பவை நோயாளிக்குப் புரியும் சொற்களில் முன்கூட்டியே விளக்கப்பட வேண்டும். அறுவை அரங்குக்கு வெளியே தள்ளுபடுக்கையில் கிடப்பவரிடம் பேனாவை நீட்டுவது விளக்கம் ஆகாது.

எல்லா ஆபத்துகளையும் சொன்னால் நோயாளி பயந்துபோய் அறுவையே வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா?

சிலர் சொல்லக்கூடும், அது அவர்களுடைய உரிமை. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்த்த ஒரு வழக்கு இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. நீரிழிவு நோயுள்ள, உடல் சிறுத்த ஒரு கர்ப்பிணிக்கு இயல்பான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் இருந்தது. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்பதால் மருத்துவர் அதைச் சொல்லவில்லை. பிரசவத்தில் தோள் சிக்கியது. குழந்தை கடுமையான ஊனத்துடன் பிறந்தது. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதைச் சக மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து அளக்காமல், அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. தைராய்டு அறுவையில் குரல் நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பு சிறியதுதான். ஆனால் நோயாளி பாடகராகவோ ஆசிரியராகவோ இருந்தால் அந்தச் சிறிய வாய்ப்பே அவருக்கு எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கலாம். ஆகவே மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது எதிரே இருப்பவர் யார், எதை இழக்கத் தயங்குவார் என்று கேட்டு அறிவது. பக்கம் பக்கமாக ஆபத்துகளை அச்சிட்டுக் கொடுப்பது அந்தக் கேள்விக்கு மாற்று ஆகாது. உண்மையில் அது மருத்துவர் தம்மைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு என்பதே என் எண்ணம்.

அவசர நிலையில் ஒப்புதல் பெற நேரமில்லையென்றால்?

நினைவற்ற நிலையில் கொண்டுவரப்பட்டவரின் உயிரையோ உறுப்பையோ காக்க உடனடி அறுவை தேவைப்பட்டு, அவர் சார்பாகப் பேசத் தகுதியுள்ளவரும் கிடைக்காதபோது, மருத்துவர் ஒப்புதலின்றிச் செயல்படலாம், செயல்பட வேண்டும். ஆனால் அந்த அனுமதி அந்த ஆபத்தின் அளவுக்கே நீளும். குடல்வால் அறுவையின்போது, அவசரமில்லாத ஒரு நீர்க்கட்டி கண்ணில் பட்டால், வயிற்றைத் திறந்ததுதான் திறந்தோம், இதையும் எடுத்துவிடுவோம் என்று முடிவெடுக்க அவருக்கு உரிமை இல்லை. குறித்து வைத்து, நோயாளி விழித்த பின் பேச வேண்டும்.

இரத்தம் ஏற்றக் கூடாது என்று நோயாளி மறுத்தால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்?

யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயப் பிரிவினர் இரத்தம் ஏற்றுக்கொள்வதில்லை என்பது அறுவை மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. தெளிந்த மனமுள்ள வயது வந்தவர், விளைவுகளை அறிந்தே மறுத்தால், அந்த மறுப்பு உயிருக்கு ஆபத்தானதாக இருந்தாலும் மதிக்கப்பட வேண்டும். மயங்கிய பின் ரகசியமாக ஏற்றிவிட்டால் போயிற்று என்று நினைப்பது நினைவிழந்து கிடக்கும் நோயாளி மருத்துவர் மேல் வைத்த நம்பிக்கையை அடியோடு முறிப்பதாகும். அறுவைக்கு முன்பே இரத்தசோகையைச் சரிசெய்வது, வெளியேறும் இரத்தத்தைச் சேகரித்துத் திரும்பச் செலுத்தும் கருவியை அவர் ஏற்பாரா என்று கேட்பது போன்ற வழிகளை மருத்துவர் ஆராயலாம். திட்டமிட்ட அறுவையாயின், இந்த நிபந்தனையில் தம்மால் பாதுகாப்பாகச் செய்ய இயலாது என்று கூறி, செய்யக்கூடியவரிடம் அனுப்பலாம். குழந்தைகளின் விஷயம் வேறு: பெற்றோரின் நம்பிக்கைக்காகக் குழந்தையின் உயிர் பலியாகக் கூடாது என்பதால், பல நாடுகளில் மருத்துவர்கள் நீதிமன்றத்தை அணுகுகிறார்கள்.

அறுவை தேவையில்லை என்று சொல்வதும் அறுவை மருத்துவரின் கடமையா?

இத்தொழிலில் மிகக் கடினமான கடமை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்வதற்குப் பணம் உண்டு, பெயர் உண்டு, நோயாளியின் நன்றியும் உண்டு. செய்யாமல் இருப்பதற்கு எதுவும் கிடைப்பதில்லை. பணம் வாங்காத மருத்துவருக்கும் தம் கைத்திறன் மேல் ஒரு நம்பிக்கை இருக்கும். அது அவர் பார்க்கும் ஒவ்வொரு நோயையும் அறுவைக்கு உரியதாகக் காட்டும்.

மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் நுண்துளை வழியே கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்தது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 180 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். பொய் அறுவைக்கும் ஆட்பட நேரலாம் என்று அறிந்தே அவர்கள் ஒப்புதல் தந்திருந்தனர். இரண்டு ஆண்டுகள் வரை கவனித்ததில், உண்மையான அறுவை பெற்றவர்களின் வலியும் நடமாட்டமும் பொய் அறுவை பெற்றவர்களைவிட மேம்படவில்லை. அதுவரை அந்த அறுவையைச் செய்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல முடியாது. நோயாளிகள் வலி குறைந்ததாகச் சொன்னதை நம்பினார்கள். ஆனால் சான்று வந்த பிறகும் வழக்கத்தை விடாமல் தொடர்வது அறப் பிழைதான்.

ஏமாற்றும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் இயன் பேட்டர்சன் என்ற மார்பக அறுவை மருத்துவர், தேவையற்ற அறுவைகளைப் பலருக்குச் செய்த குற்றத்துக்காக 2017-இல் தண்டிக்கப்பட்டார். 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பின்னர் 20 ஆண்டாக உயர்த்தப்பட்டது. புற்றுநோய் இல்லாதவர்களிடம் இருப்பதாக அச்சமூட்டியே அவர் சம்மதம் பெற்றிருந்தார். கையெழுத்திட்ட படிவங்கள் எல்லாம் இருந்தன.

நோயாளியை அனுப்பிவைக்கும் மருத்துவருக்குக் கமிஷன் கொடுப்பது தவறா?

தவறுதான். 1913-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு, கட்டணத்தைப் பங்கு போடுவதை ஆரம்பத்திலேயே கண்டித்தது. கமிஷன் நுழைந்தவுடன் யாரிடம் அனுப்புவது என்ற முடிவு திறமையை வைத்து எடுக்கப்படாமல் தொகையை வைத்து எடுக்கப்படுகிறது. உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு, வலை, ஸ்டென்ட் போன்றவற்றின் உற்பத்தியாளரிடம் பணமோ பயணச் செலவோ பெற்றிருந்தால் அதையும் மருத்துவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும்.

பெரிய மருத்துவரிடம் போகிறோம். கத்தியைப் பிடிப்பவர் பயிற்சி மருத்துவராக இருந்தால் அது ஏமாற்று ஆகாதா?

சொல்லாமல் செய்தால் ஏமாற்றுதான். இன்றைய பயிற்சியாளர்தான் நாளைய நிபுணர். உயிருள்ள உடலில் செய்யாமல் யாரும் இத்தொழிலைக் கற்றுவிட முடியாது. எனவே சமுதாயம் இதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஆனால் ஏற்பவர் அறிந்து ஏற்க வேண்டும்: எந்தப் பகுதியை யார் செய்வார், மூத்தவர் அரங்கில் இருப்பாரா, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பாரா என்பது முன்பே சொல்லப்பட வேண்டும். பயிற்சியாளர் முதலில் மாதிரிகளிலும் கணினிப் பாவனைக் கருவிகளிலும் கை பழகி, மூத்தவரின் கண்முன்னே படிப்படியாகப் பொறுப்பேற்பதே முறை.

இதனுடன் சேர்ந்த இன்னொரு வழக்கம் ஒரே மருத்துவர் இரண்டு அரங்குகளில் அறுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நடத்துவது. பாஸ்டனில் இது பெரும் சர்ச்சையான பிறகு, 2016-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி தன் நெறிமுறையைத் திருத்தி, முதன்மை மருத்துவரின் இரு அறுவைகளின் முக்கியக் கட்டங்கள் ஒரே நேரத்தில் நிகழக் கூடாது என்றும், நேரம் கலந்துவரும் அறுவைகளைப் பற்றி நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது.

அறுவை அரங்குக்குள் மருத்துவரின் கடமை திறமையாகச் செய்வது மட்டும்தானா?

திறமை இன்றியமையாதது. ஆனால் அரங்கில் நேரும் பல தீங்குகளுக்குக் காரணம் கைப்பிழையாக இருப்பதில்லை. யாரோ கவனித்ததை யாரும் சொல்லாமல் விட்டதாகவே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இதைக் கருத்தில் கொண்டு எழுந்தது. 19 அம்சங்களே கொண்ட அந்தப் பட்டியல் மூன்று முறை எல்லாரையும் நிற்கச் சொல்கிறது: மயக்கம் கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், நோயாளி அரங்கை விட்டுச் செல்லும் முன். இவர் யார், எந்தப் பக்கம், குறியிட்டிருக்கிறதா, ஒவ்வாமை உண்டா, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டு வாய்விட்டுப் பதில் சொல்கிறார்கள். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வில், பெரிய பின்விளைவுகள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்ததாக 2009-இல் அறிவிக்கப்பட்டது.

வயிற்றைத் தைத்து மூடும் தறுவாயில் செவிலியர், “ஒரு துணி குறைகிறது, டாக்டர்” என்கிறார். மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. அடுத்த நோயாளி காத்திருக்கிறார். எண்ணியதில் பிழை இருக்கும் என்று மருத்துவர் தையலைத் தொடரலாம்; யாரும் தடுக்கப்போவதில்லை. ஊசியைக் கீழே வைத்து, குப்பைத் தொட்டியைக் கொட்டி எண்ணச் சொல்லி, மறுபடியும் கைவிட்டுத் தேடி, கிடைக்காவிட்டால் அரங்கிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே மூடுவது அவருடைய கடமை. துணி கடைசியில் தரையிலேயே கிடைத்தாலும், சொன்ன செவிலியரை முறைக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய கடமை. முறைத்தால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

அறுவையில் தவறு நேர்ந்துவிட்டால் நோயாளியிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் வழக்கு வராதா?

சொல்ல வேண்டும், விரைவாக, நேரில், அறுவை செய்தவரே சொல்ல வேண்டும். பித்தப்பை அறுவையில் பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டால், “சற்றுச் சிக்கலாக இருந்தது” என்று மழுப்புவது போதாது. என்ன நடந்தது, அதனால் என்ன விளைவு, சரிசெய்ய என்ன செய்யப்போகிறோம், இனி நேராமல் இருக்க என்ன ஏற்பாடு என்பதைத் தெளிவாகக் கூறி வருத்தம் தெரிவிக்க வேண்டும். வழக்கு வரலாம், வராமலும் போகலாம். கடமை அதைப் பொறுத்தது அன்று. மறைக்கப்பட்ட தவறு பின்னாளில் வெளிப்படும்போது, தவறைக் காட்டிலும் மறைத்ததே நோயாளியின் சினத்தைக் கிளறும். மயக்கத்தில் இருந்தவருக்கு வேறு சாட்சி இல்லை என்பதால் இக்கடமையின் எடை இன்னும் கூடுகிறது.

இதில் முன்னோடி ஒருவர் உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த எர்னெஸ்ட் காட்மன், அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியையும் பின்னர் தொடர்ந்து கவனித்து, பலன் கிடைத்ததா, இல்லையென்றால் ஏன் என்று பதிவுசெய்ய வேண்டும் என வாதிட்டார். தம் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வெளியேறிய 337 நோயாளிகளில் 123 பிழைகளைத் தாமே பட்டியலிட்டு அச்சில் வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரைக் கொண்டாடவில்லை; ஒதுக்கினார்கள்.

சக மருத்துவரின் திறமைக் குறைவு தெரிந்தால்?

நோயாளிக்கு அரங்கின் கதவுக்கு உட்புறம் தெரியாது. உடன் பணியாற்றுபவருக்குத் தெரியும். எனவே மௌனம் காப்பவர் பங்காளியாகிவிடுகிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இதய அறுவையில் இறப்புகள் மிகுதியாக இருப்பதை ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருத்துவர் கவனித்து, கணக்கெடுத்து, மேலிடத்துக்குத் தொடர்ந்து எடுத்துச் சொன்னார். அறுவைகள் நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், வேறு மையத்தில் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்று 2001-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. போல்சின் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து பணியைத் தொடர்ந்தார். முதலில் சம்பந்தப்பட்டவரிடம், பிறகு துறைத் தலைவரிடம், பிறகு ஒழுங்காற்று அமைப்பிடம் என்று படிப்படியாகச் செல்வதே முறை என்றாலும், நோயாளிகள் தொடர்ந்து பாதிக்கப்படும்போது படிகளை எண்ணிக்கொண்டிருக்கலாகாது.

புதிய அறுவை முறைகளை முயன்று பார்ப்பது அறமாகுமா?

முயலாமல் எந்த முன்னேற்றமும் வந்ததில்லை. சிக்கல் என்னவென்றால், புதிய மருந்து விற்பனைக்கு வரும் முன் பல கட்டச் சோதனைகளைத் தாண்ட வேண்டியிருக்க, புதிய அறுவை முறையோ ஒரு மருத்துவரின் துணிவோடு ஒரே இரவில் தொடங்கிவிடலாம்.

அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு வரலாறு உண்டு. பிரசவத்தில் ஏற்படும் சிறுநீர்ப்பைத் துளையைச் சரிசெய்யும் முறையை மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் 1845 முதல் 1849 வரை அமெரிக்காவில் அடிமைப் பெண்களின் உடலில், மயக்க மருந்து இன்றிப் பழகினார். அவர்களில் ஒருவர் 30 முறை அறுவைக்கு உள்ளானார். மறுக்கும் உரிமையே இல்லாதவரிடம் பெற்றது ஒப்புதல் ஆகாது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் இருந்த அவரது சிலை 2018-இல் அகற்றப்பட்டது.

அதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி, 2011, 2012 ஆண்டுகளில் ஸ்வீடனில் பாவ்லோ மாக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் செயற்கைப் பொருளால் ஆன மூச்சுக்குழாயை நோயாளிகளுக்குப் பொருத்தினார். போதிய விலங்குச் சோதனைகள் நடக்கவில்லை. ஸ்வீடனில் அதைப் பெற்ற மூவரும் இறந்தார்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. புதுமையைச் செய்பவர் அது புதியது என்பதை நோயாளியிடம் சொல்லி, அறநெறிக் குழுவின் முன் வைத்து, தோல்விகளையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

உயிருள்ளவரிடமிருந்து சிறுநீரகம் எடுப்பது ‘தீங்கு செய்யாதே’ என்ற நெறிக்கு முரண் அல்லவா?

முரண்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1954 டிசம்பர் 23-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே தலைமையில் ஒருவரின் சிறுநீரகம் அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தப்பட்டபோது, தமக்கு எந்த உடல்நலப் பயனும் இல்லாத பெரிய அறுவைக்கு ஆரோக்கியமான ஒருவரை உட்படுத்தலாமா என்ற கேள்வி மருத்துவர்களை உறுத்தியது. சமய அறிஞர்களையும் சட்ட வல்லுநர்களையும் கலந்த பின்பே அவர்கள் இறங்கினார்கள். தானம் செய்தவர் அதன்பின் 56 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்று தானம் தருபவருக்கென்று, பெறுபவரின் சிகிச்சையில் தொடர்பில்லாத மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது நெறி. அவர் தானம் தருபவரைத் தனியே அழைத்து, குடும்பத்தின் வற்புறுத்தல் உண்டா என்று கேட்கிறார். விருப்பமில்லை எனத் தெரிந்தால், குடும்பத்தாரிடம் ‘தானத்துக்குப் பொருந்தவில்லை’ என்று மட்டும் சொல்லி அவரைக் காப்பாற்றும் வழக்கமும் உண்டு. மூளைச்சாவைச் சான்றளிப்பவர் உறுப்பெடுக்கும் குழுவில் இருக்கக் கூடாது என்பதும் இதே நோக்கில் எழுந்த விதி. உறுப்பு விற்பனையையும் கடத்தலையும் 2008-இன் இஸ்தான்புல் பிரகடனம் கண்டிக்கிறது.

மருத்துவர் தம் சொந்த உடல்நிலையைப் பற்றியும் பொறுப்பேற்க வேண்டுமா?

ஆம். மருத்துவர்களின் உலகளாவிய உறுதிமொழியான ஜெனீவா பிரகடனத்தின் 2017 திருத்தத்தில், உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிப்பதற்காகத் தம் உடல்நலத்தையும் பேணுவேன் என்ற உறுதி சேர்க்கப்பட்டது. இரவெல்லாம் விழித்தவர் மறுநாள் காலைத் திட்டமிட்ட அறுவையை ஒத்திவைப்பது சோம்பல் ஆகாது. முதுமை இன்னும் கடினமான சோதனை. மார்பு அறுவையில் பெரும் பெயர் பெற்ற ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் சாவர்புரூக், அறிவு மங்கத் தொடங்கிய பின்னும் பெர்லினில் அறுவைகளைத் தொடர்ந்தார். சுற்றியிருந்தவர்கள் அவரது புகழுக்கு அஞ்சித் தயங்கிய காலத்தில் நோயாளிகள் உயிரிழந்தனர். 1949-இல்தான் அவர் ஓய்வுபெறச் செய்யப்பட்டார். தம் கை தளர்வதைத் தாமே முதலில் உணர்வது அரிது என்பதால், குறிப்பிட்ட வயதுக்குப் பின் முறையான பரிசோதனை வேண்டும் என்ற கருத்து எனக்கு நியாயமாகவே படுகிறது.

அறுவையின் படங்களையும் காணொளிகளையும் சமூக ஊடகங்களில் பதிவிடலாமா?

கற்பித்தலுக்காக, நோயாளியின் தனியான ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி பகிரலாம். சிகிச்சைக்கான ஒப்புதலில் இது அடங்காது. மயங்கிக் கிடக்கும் உடல் மருத்துவரின் விளம்பரப் பொருளன்று. 2013-இல் பிரிட்டனில் சைமன் பிராம்ஹால் என்ற அறுவை மருத்துவர் இரு நோயாளிகளின் கல்லீரலில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். கல்லீரலின் செயல்பாடு அதனால் கெடும் என எதிர்பார்க்கப்படவில்லை. ஆயினும் அவர் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார், 2022-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார்.

தம் நோயாளிக்கு அப்பால், சமுதாயத்துக்கும் அறுவை மருத்துவர் கடமைப்பட்டவரா?

பாதுகாப்பான, செலவு தாங்கக்கூடிய அறுவைச் சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்றும், ஆண்டுக்கு இன்னும் 14.3 கோடி அறுவைகள் தேவை என்றும் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் மதிப்பிட்டது. இதைத் தனியொரு மருத்துவர் தீர்க்க முடியாது. ஆனால் விலை குறைந்த மாற்று சம அளவு பயன் தருமானால் அதைச் சொல்வதும், பிறருக்குக் கற்பிப்பதும், தம் முடிவுகளின் கணக்கை வெளிப்படையாக வைப்பதும் அவர் கையில் உள்ளவை.

நோயாளி தம் அறுவை மருத்துவரிடம் எவற்றைக் கேட்கலாம்?

இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள், உங்கள் நோயாளிகளுக்கு என்ன பின்விளைவுகள் வந்தன, செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும், அரங்கில் யார் இருப்பார், அறுவைக்குப் பின் இரவில் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தயங்காமல் கேட்கலாம். இரண்டாவது கருத்துக் கேட்க விரும்புவதாகவும் சொல்லலாம். அதற்கு வேண்டிய பரிசோதனை முடிவுகளையும் ஸ்கேன் படங்களையும் முகம் சுளிக்காமல் கொடுத்தனுப்புவது மருத்துவரின் கடமை. அவசரமில்லாத அறுவைக்கு இன்றே தேதி குறித்தாக வேண்டும் என்று ஒருவர் நெருக்கினால், இரண்டாவது கருத்தைக் கேட்டுவிட்டே முடிவு செய்வது நல்லது.